ஏழு எண்ணும் நேரம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். குறையாகச் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாக எதைப் பார்த்தாலும் மதிப்பெண் போட்டே பழகிவிட்டது; டீ, தலையணை, மாப்பிள்ளை என்று எதையும் விட்டுவைத்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொண்டேன்.

ஸ்டேஷன் வாசலில் நின்ற காவலர், "பாக்கெட்ல என்ன சார்? கையை வெளிய எடுங்க" என்றார். எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, போங்க" என்றார். அவர்மேல் தப்பில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அரிசிமணி போல இரண்டு தழும்பு. அறுபத்திரண்டு வயதுக் கையில் அதெல்லாம் யார் கண்ணில் படப்போகிறது. பிறகு கை தானாகப் பைக்குள் போய்விட்டது. பழக்கம்.

உங்களுக்கு இரண்டு வரி போதும் என்றீர்கள். நாய் யாருடையது, எத்தனை மணிக்குக் கடித்தது. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரித் தாளில் இருக்கிறது: நான்கு வயதுப் பெண் குழந்தை, இடது கன்னம், மேலுதடு, காது மடல், முப்பத்தெட்டுத் தையல். கண் தப்பியது. பள்ளிக்கூடத்தில் கொடுத்திருக்கும் பெயரை எழுதிக்கொண்டீர்கள். வீட்டில் என் பேத்தி பட்டாணி. தரையில் விட்டால் உருண்டு எங்காவது போய்விடுவாள், குனிந்துதான் தேட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்க்குள் ஒன்றும் ஆகவில்லை, அவளாகப் பேசும்போது பேசட்டும் என்கிறார் டாக்டர். நான் கட்டில் பக்கம் போனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் சட்டைப் பையைப் பார்க்கிறாள்.

"தப்பு என்மேலதான், நாயை சோபாவுல ஏற விட்டுப் பழக்கினது நான்தான்" என்று என் மாப்பிள்ளை உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். இத்தனை நாள் அவருக்கு ஐம்பத்தைந்து போட்டு வைத்திருந்தேன். கூட்டிப் போட்டிருக்க வேண்டும். தப்பு யார்மேல் என்று சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நாய்க் கண்காட்சிகளில் நடுவர். எல்லா நாய்க்கும் இல்லை, காக்கர் ஸ்பேனியல் என்ற ஒரே இனத்துக்கு. பட்டு முடி, நீளக் காது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் வாய்க்கு முன்னால் காது குடித்துவிடும். இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் சங்கம் எழுதி வைத்திருக்கிறது. மண்டை இப்படி, கால் இப்படி என்று போய், கடைசியில் குணத்துக்கு வரும்: எப்போதும் குஷியாக இருக்க வேண்டும், வால் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. மனிதர்களுக்கு யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை.

வேலை கண்ணால் என்று நினைப்பார்கள். கையால்தான். முடியை நம்ப முடியாது. கெட்டிக்கார முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலாலேயே இல்லாத தோளை உண்டாக்கிவிடுவார். அதனால் நாயை மேசைமேல் நிறுத்தித் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே போவேன். மண்டை ஒன்று. பல் இரண்டு. கழுத்து மூன்று. தோள் நான்கு. விலா ஐந்து. இடுப்பு ஆறு. வால் ஏழு. ஏழோடு கையை எடுத்துவிட்டு, நடத்திக் காட்டச் சொல்வேன். இருபது வருடம் சின்னச் சின்னக் கண்காட்சிகளில் அப்படி எண்ணினேன். ஆறு வருடத்துக்கு முன்னால்தான் முதல் தடவையாகப் பெரிய கண்காட்சிக்கு அழைத்தார்கள்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. நாய் நடுவரைக் கடித்தால், நடுவர் கையைத் தூக்க வேண்டும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். உதவியாளர் புத்தகத்தில் குறிப்பார், நாய் வெளியே போகும், பதிவேட்டில் அதன் பெயரை அடித்துவிடுவார்கள், அதன் குட்டிகளுக்குச் சான்று கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்பதற்கு எவ்வளவு தூக்குவோமோ, அவ்வளவுதான்.

ஆனால் விதிக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் பேச்சு என்று ஒன்று இருக்கிறது. முரட்டு இனம் கடித்தால் நாயைப் பார்ப்பார்கள். ஸ்பேனியல் கடித்தால் நடுவரைப் பார்ப்பார்கள். குஷியான நாயைக் கடிக்க வைத்தவன் எப்படிப்பட்டவன் என்று. "கை சரியில்ல" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை ஒருவர்மேல் விழுந்தால் அடுத்த வருடம் அவருக்கு அழைப்பு வராது. ஸ்பேனியலிடம் கடி வாங்கிய நடுவர், வாளித் தண்ணீரில் மூழ்கிய நீச்சல் வாத்தியார் மாதிரி. இந்த உவமையை நானே பல பேரைப் பற்றிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்குக் கடைசிச் சுற்றில் ஒரு பொன்னிற ஆண் நாய். பதிவேட்டில் அதற்கு ஒரு முழ நீளப் பெயர், வீட்டில் பிஸ்கட். கொண்டுவந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், தனி ஆள். முழங்கால் வலியோடு நாயோடு ஓட முடியாமல் ஓடினார். மேசைமேல் நின்றதும் எனக்கு மூச்சே நின்றது. இலக்கணத்தை எழுதியவர்கள் இந்த நாயைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று தோன்றும் நாய்.

ஒன்று என்று மண்டையில் கை வைத்தேன். வால் நின்றது.

உறுமவில்லை. பல்லைக் காட்டவில்லை. கண் மட்டும் மாறியது. ஆள் இருந்த வீட்டில் ஆள் எழுந்து போய்விட்ட மாதிரி. என் கை பழக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது. பல்லைப் பார்க்க உதட்டைத் தூக்கினேன்; சும்மா நின்றது. கழுத்து, தோள், விலா. உடம்பு முழுக்கக் கட்டை போல இறுகியிருந்தது. இடுப்பு. ஏழு என்று வாலைத் தொட்டபோது திரும்பிக் கடித்தது. சத்தமே இல்லை. கடித்துவிட்டு, விட்டது. அடுத்த நொடி ஆள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். வால் ஆடியது. நான் ஏன் வெளுத்திருக்கிறேன் என்று தலையைச் சாய்த்து அதுவே கவலையாகப் பார்த்தது.

டீச்சர் அப்போது கழுத்துப் பட்டையைச் சரிசெய்யக் குனிந்திருந்தார். என் முதுகு கூட்டத்துக்கு. யாரும் பார்க்கவில்லை.

கையைத் தூக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை தூக்கத்தான் கிளம்பியது. வழியில் கோட்டுப் பை இருந்தது.

டீச்சர்மேல் இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப நாள் நம்பினேன். அவருக்கு அந்த நாயைத் தவிர யாரும் இல்லை. கையைத் தூக்கியிருந்தால், கடிக்கிற நாய் என்று அதை ஊசி போட்டு முடித்திருப்பார்கள். இரக்கம் வந்தது நிஜம்தான், மேடம். கை பைக்குள் போன பிறகு வந்தது.

உதவியாளர் என் பக்கத்தில் புத்தகத்தை நீட்டினார். பழைய சிநேகிதர், தடித்த கண்ணாடி. மதிப்பெண் எழுதக் கையை எடுத்தேன். தாளில் ஒரு சொட்டு விழுந்தது.

"என்னய்யா, சிவப்பு மையில எழுதுறியா? பரீட்சைப் பேப்பரா திருத்துற?"

"பேனா கசியுது."

"பேனாவை மாத்து. இல்ல கண்ணாடிய நான் மாத்தணும்."

முதல் பரிசு பிஸ்கட்டுக்குக் கொடுத்தேன். கொடுக்காமல் விட்டால், இவ்வளவு அழகான நாயை ஏன் விட்டாய் என்று கேட்பார்களே என்ற பயம். டீச்சர் அழுதுகொண்டே கை குலுக்க வந்தார். இடது கையை நீட்டினேன். "ராசியான கைங்க உங்களுக்கு" என்றார். புகைப்படத்தில் வலது கை பைக்குள் இருக்க, கொஞ்சம் சாய்ந்து நிற்கிறேன். அது ஸ்டைல் என்று நினைத்துவிட்டார்கள். இப்போது இளம் நடுவர்கள் நாலு பேர் பரிசுப் படத்தில் அப்படியே நிற்கிறார்கள். நான் இந்தத் துறைக்கு விட்டுப்போகும் ஒரே சொத்து.

பரிசு பெற்ற நாயைப் பற்றி நடுவர் சங்கப் பத்திரிகைக்கு நாலு வரி எழுத வேண்டும். மண்டை, தோள், நடை என்று மூன்று வரி எழுதினேன். குணத்துக்கு வந்தபோது, "நன்று" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். பொய் சொல்கிறவனுக்கு ஒரு வார்த்தை போதவே போதாது. "இனிய குணம்; சிறு குழந்தைகள் உள்ள வீட்டிலும் தயங்காமல் விடலாம்" என்று எழுதினேன்.

குட்டி விளம்பரங்களில் என் பெயரோடு அந்த வரியைத்தான் போட்டார்கள். பிஸ்கட்டின் பிள்ளைகள் வந்தார்கள், பேரப்பிள்ளைகள் வந்தார்கள். எனக்கும் அழைப்புகள் வந்தன. மேசைமேல் பொன்னிறக் குட்டி வந்து நின்றால் முதலில் வாலைத்தான் பார்ப்பேன். எல்லாம் பிஸ்கட் மாதிரி இல்லை. சிலதுதான். ஒன்று என்று கை வைத்ததும் வால் நிற்கும், ஆள் எழுந்து போய்விடுவார். நான் ஆறிலேயே கையை எடுத்துவிடுவேன். வாலைத் தொடமாட்டேன். அதன் பிறகு ஒரு நாயும் என்னைக் கடித்ததில்லை. "பூ மாதிரி தொடுறாருப்பா" என்று கூட்டத்தில் பேசிக்கொள்வது காதில் விழும். உலகத்தில் அந்தக் கணக்கு எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்: வால் நின்றால் ஏழு எண்ணும் நேரம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கால்நடை டாக்டர் ஒருவர் போன் செய்தார். என் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் மருத்துவமனை வைத்திருப்பவர், பொறுமையான ஆள்.

"சார், பிஸ்கட் வழியில வந்த குட்டிங்க ரெண்டு என்கிட்ட வந்துச்சு. திடீர்னு கடிக்குதாம். கடிச்சுட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி வாலாட்டுதாம். ரத்தத்துலயே இருக்கோன்னு ஒரு சந்தேகம். நீங்கதான் பிஸ்கட்டை மேசைமேல வச்சுப் பாத்தவரு. அன்னைக்கு ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல, டாக்டர். தங்கமான நாய். வளக்குறவங்க சரியில்லாம இருக்கும்."

"அப்படித்தான் இருக்கணும். நீங்க சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வழியில் இனிமேல் குட்டியே வராமல் நிறுத்தியிருப்பார். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் வளர்ப்பு சரியில்லை என்று அழுதுகொண்டே நாயைக் கொன்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து போன் அடித்தால் எனக்கு நெஞ்சு அடிக்கும். மணி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருக்கும்.

போன வருடம் மகள் வந்தாள். கையில் பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டு.

"அப்பா, பட்டாணிக்கு ஒரு நாய் வாங்கலாம்னு இருக்கோம். பிஸ்கட்டோட பேரன். டீச்சர்கிட்டயே இருக்கு."

"எதுக்கும்மா நாய்? முடி கொட்டும். சோபா பாழாயிடும்."

"சோபா ஏற்கெனவே பாழ்தான். உங்க மாப்பிள்ளை அதுலயே குடியிருக்காரு."

"காது நாறும். வாரா வாரம் சுத்தம் பண்ணணும்."

"பட்டாணி காதையும்தான் பண்றேன்."

"ஊருக்குப் போனா யாரு பாத்துப்பா?"

"நீங்கதான். நாயைத் தவிர வேற எதையாவது வாழ்க்கையில பாத்திருக்கீங்களா?" என்று சிரித்தாள். பிறகு துண்டை என் முன்னால் வைத்தாள். "இங்க பாருங்க, நீங்களே எழுதியிருக்கீங்க. சிறு குழந்தைகள் உள்ள வீட்டிலும். அப்புறம் என்ன?"

உண்மையைத் தவிர எல்லாக் காரணத்தையும் சொல்லிப் பார்த்தேன், மேடம். அது என் கணக்கில் வருமா என்று தெரியவில்லை.

தாத்தா பிஸ்கட் என்பதால் குட்டிக்கு ரஸ்க் என்று பெயர் வைத்தார்கள். வைத்தது நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல குட்டி. பட்டாணியின் செருப்பைக் கவ்விக்கொண்டு அவள் பின்னாலேயே போகும். நான் வாரம் ஒரு நாள் போய் அதன் வாலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆடியது. மாதக் கணக்காக ஆடியது. சில வாரம் நான் ராத்திரி நன்றாகக்கூடத் தூங்கினேன்.

ஒரு மாதத்துக்கு முன்னால், மகள் சோபாவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுப் பெருக்கும்போது வால் நின்றது. நான் எண்ணினேன். ஏழில் துடைப்பத்தைக் கடித்தது, குச்சி பிளந்துவிட்டது. "வெளையாட்டைப் பாருங்கப்பா" என்றாள் மகள்.

"ஆமா, வெளையாட்டுதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். எப்படித் தொடங்குவது என்று எழுதிக்கூடப் பார்த்தேன். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். தெரிந்துமா வாங்க விட்டீர்கள் என்று கேட்பாள். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை, பத்திரிகையில் ஏன் எழுதினீர்கள் என்று ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு கேள்வி வரிசையில் நின்றது. வரிசையின் கடைசியில் ஒரு நாயின் பல். நாலு ஞாயிறு போனது.

இப்போது நீங்கள் கேட்ட இரண்டு வரிக்கு வருகிறேன். நாய் என்னுடையது என்று எழுதுங்கள். நேரம், காலை பத்தரை.

மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார். மகள் சமையலறையில். கூடத்தில் நானும் பட்டாணியும் ரஸ்க்கும்தான். ரஸ்க் சோபாவில் படுத்திருந்தது. பட்டாணி தரையில் மண்டியிட்டு, என்னைப் போல நடுவர் விளையாட்டு விளையாடினாள். அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த விளையாட்டு. அதன் தலையில் கை வைத்து, "மண்டை ஒண்ணு" என்றாள்.

வால் நின்றது.

எனக்கும் சோபாவுக்கும் நடுவில் இரண்டு அடி. கையை நீட்டினால் பட்டாணியின் சட்டையைப் பிடித்து இழுத்துவிடலாம்.

"பல்லு ரெண்டு." அவள் உதட்டைத் தூக்கினாள். நான் பட்டாணி என்று கூப்பிட வாயைத் திறந்தேன். மூன்றில், கூப்பிட்டால் மகள் எட்டிப்பார்ப்பாளே, ஏன் கத்தினீர்கள் என்பாளே என்று தோன்றியது. இந்தத் தடவை ஒன்றும் நடக்காமல் போகலாம் என்றும் தோன்றியது. நான்கில் என் தழும்பு அரித்தது.

ஐந்தில் சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அப்பா, டீக்கு சக்கரை போடவா?"

"கொஞ்சமா போடும்மா" என்றேன்.

குரல் நடுங்கவில்லை. அதை நான் கவனித்தேன். பட்டாணி அதன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, "தாத்தா, ரஸ்க் கண்ணு தூங்குது" என்றாள். அவள் கடைசியாகப் பேசியது அது.

ஏழு வரை நான் சும்மா இருந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆறில் ஒரு காரியம் செய்தேன். வலது கையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இந்தாருங்கள், பதினேழு வீட்டு விலாசம். எல்லாம் அந்த வழிக் குட்டிகள் போன வீடு. ஒன்பது வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், கோடு போட்டிருக்கிறேன். தயவுசெய்து இன்றைக்கே கூப்பிட்டு, வால் நின்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகச் சொல்லுங்கள். நானே கூப்பிடலாம் என்று காலையில் எண்ணை அழுத்தினேன். அந்தப் பக்கம் ஒரு குழந்தை எடுத்து ஹலோ என்றது. வைத்துவிட்டேன்.

என் மகள் இதைப் படிப்பாளா? படிக்க வேண்டும் இல்லையா. சரி.

நீங்கள் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. கையெழுத்து அழகாக இருக்கிறது. மதிப்பெண் போடவில்லை, சும்மா சொன்னேன். நான் ஒன்றையும் மறைக்கவில்லை என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பேனாவை இந்தப் பக்கம் வையுங்கள். இல்லை, அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம்.

இடது கையால் போட்டாலும் செல்லும்தானே, மேடம்?